சகலை வீட்டு எண்ணூறு இலை

திருப்பதி மாவட்டத்தில் புத்தூருக்கு அருகே நாராயணவனம் என்னும் ஊர் இருக்கிறது. ஆகாசராசன் ஆண்ட தலைநகரம் இதுவே என்றும், அவர் மகள் பத்மாவதித் தாயாரைச் சீனிவாசப் பெருமாள் மணம் புரிந்தது இங்கேதான் என்றும் தலபுராணம் கூறுகிறது. அங்குள்ள கல்யாண வேங்கடேசுவரர் கோயிலுக்குத் திருமணம் கைகூட வேண்டி வருவோர் இன்றும் பலர். அந்தத் திருமணத்துக்காகப் பெருமாள் குபேரனிடம் கடன் பெற்றார். கலியுகம் முடியும்வரை அதற்கு வட்டி செலுத்தி வருகிறார். அடியார்கள் திருமலை உண்டியலில் இடும் காணிக்கை அக்கடனுக்கே சேர்கிறது என்பது நம் பகுதியில் சிறு குழந்தையும் அறிந்த செய்தி.

இறைவனின் திருவிளையாடலை வங்கிக் கணக்காகப் பார்ப்பது என் நோக்கமன்று. ஆயினும் கடன் பிரிவில் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில் அந்தக் கதையில் ஒரு நுட்பம் எப்போதும் என் கண்ணில் படும். மலையில் புற்றில் தங்கியிருந்தவருக்கு அவ்வளவு பெரிய தொகை எதற்காகத் தேவைப்பட்டது? பெண் வீடு அரண்மனையாக இருந்தது. கடன் தொகையை நிர்ணயித்தது கடன் பெற்றவரின் தேவை மட்டுமன்று. எதிர்வீட்டின் நிலையும் அதில் சேர்ந்திருந்தது.

இந்த ஒரு நுட்பத்தைப் பொருளியல் அறிஞர்கள் நூற்றாண்டுக்கும் மேலாகச் சூத்திரங்களில் அடக்க முயன்று வருகின்றனர். மனிதர் தம் சமூக அந்தஸ்தைக் குறித்துக் கொள்ளும் அக்கறை செலவையும் சேமிப்பையும் கடனையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதை அவர்கள் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அந்தக் கணக்கினால் வாடிக்கையாளர்களாகிய உங்களுக்கு என்ன பயன்? இவ்விரண்டையும் எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரை.

ஒரு கடன் விண்ணப்பம்

2017ஆம் ஆண்டு நான் சித்தூரில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் மூத்த மகளின் திருமணத்துக்காக ஐந்து லட்சம் ரூபாய் தனிநபர் கடன் கேட்டு வந்தார். ஓய்வு பெற அவருக்கு ஐந்தாண்டுகள் இருந்தன. ஊதியமும் திருப்பிச் செலுத்திய வரலாறும் குறையற்றவை. விண்ணப்பத்தை நிரப்பும்போது, "ஐந்து லட்சம் என்று எப்படிக் கணக்கிட்டீர்கள் ஐயா?" என்று கேட்டேன்.

"சகலை வீட்டுக் கல்யாணத்தில் எண்ணூறு இலை விழுந்தது சார். நான் ஐந்நூறு இலையோடு நிறுத்தினால் என் வீட்டுக்காரி அவள் அக்கா முகத்தில் எப்படி விழிப்பாள்?" என்றார்.

மண்டபம், சமையல், பந்தல், மேளம், புடவை என்று அவர் எழுதி வைத்திருந்த பட்டியல் முழுவதும் அந்த எண்ணூறு இலையிலிருந்து கீழிறங்கி வந்ததாகவே இருந்தது. அவருடைய ஊதியம் அப்பட்டியலில் எந்த வரியிலும் இடம்பெறவில்லை. தகுதி இருந்தமையால் கடன் வழங்கப்பட்டது. எளிமைக்காக வட்டி 12 விழுக்காடு, காலம் ஐந்தாண்டு என்று கொண்டால், ஐந்து லட்சத்துக்கு மாதத் தவணை 11,122 ரூபாய். அறுபது தவணைகளில் செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ 6,67,000 ரூபாய். அதாவது வட்டி மட்டும் 1,67,000 ரூபாய்.

அவர் அறியாமையால் அப்படிச் செய்தார் என்று அன்றும் நான் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை. என் தங்கையின் திருமணத்தின்போது எங்கள் வீட்டிலும் இதே கணக்குதான் போடப்பட்டது. அதைப் போட்டவன் நான். வணிகவியல் பட்டமும் வங்கிப் பணியும் அப்போது எனக்கு இருந்தன.

விரலும் ஊரும்

நம்மிடம் இரண்டு பழமொழிகள் உண்டு. ஒன்று, விரலுக்குத் தகுந்த வீக்கம். மற்றொன்று, ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு. பொருளியலில் நுகர்வைப் பற்றிய இரண்டு பெரிய கோட்பாடுகளை இவ்விரு பழமொழிகளிலும் அடக்கிவிடலாம்.

ஜான் மேனார்ட் கெயின்ஸ் 1936இல் வெளியிட்ட நூலில் ஒரு குடும்பத்தின் செலவை அதன் வருமானத்தோடு பிணைத்தார். வருமானம் உயர்ந்தால் செலவும் உயரும்; ஆனால் வருமானம் உயர்ந்த அளவுக்கு உயராது. எனவே செல்வம் பெருகப் பெருகச் சேமிக்கும் விகிதமும் கூட வேண்டும். இது விரலுக்குத் தகுந்த வீக்கம்.

ஆனால் சைமன் குஸ்நெட்ஸ் தொகுத்த அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் ஒரு புதிரைக் காட்டின. ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டால், வசதி படைத்தவர் ஏழைகளைவிடத் தம் வருமானத்தில் அதிக விகிதத்தைச் சேமித்தனர். இது கெயின்சின் கோட்பாட்டுக்கு இசைந்தது. ஆனால் பல பத்தாண்டுகளை ஒருங்கே நோக்கினால், நாட்டின் வருமானம் பன்மடங்கு உயர்ந்தும் சேமிப்பு விகிதம் ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றது. பாட்டனைவிடப் பேரன் பல மடங்கு சம்பாதித்தான். இருந்தும் பாட்டன் சேமித்த விகிதத்தையே சேமித்தான்.

இப்புதிருக்கு ஜேம்ஸ் டியூசன்பெர்ரி 1949இல் ஒரு விடை அளித்தார். குடும்பங்கள் தம் வருமானத்தை மட்டும் பார்த்துச் செலவிடுவதில்லை. தம்மைச் சூழ்ந்தோரின் செலவோடு ஒப்பிட்டே செலவிடுகின்றன என்றார். ஊரில் கீழ்நிலையில் இருப்பவர் மேலுள்ளோரை எட்டிப்பிடிக்கச் செலவிடுவதால் குறைவாகச் சேமிக்கிறார். ஊர் முழுவதும் ஒருங்கே உயர்ந்தால் அவருடைய வரிசை மாறுவதில்லை. ஆகவே சேமிப்பு விகிதமும் மாறுவதில்லை. இது ஒப்பீட்டு வருமானக் கோட்பாடு என வழங்கப்படுகிறது. செலவு ஏறும்போது எளிதில் ஏறும், வருமானம் குறையும்போது அவ்வளவு எளிதில் இறங்காது என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். ஒருமுறை எண்ணூறு இலை போட்ட குடும்பம் அடுத்த திருமணத்தில் ஐந்நூறுக்கு இறங்கத் தயங்குவதை நாம் அறிவோம்.

பிற்காலத்தில் மில்டன் ஃபிரீட்மன், ஃபிராங்கோ மோதிலியானி ஆகியோர் அதே புதிருக்கு வாழ்நாள் வருமானத்தின் அடிப்படையில் வேறு விளக்கங்கள் தந்தனர். பாடநூல்களில் அவையே நிலைபெற்றன. டியூசன்பெர்ரி சில காலம் மறக்கப்பட்டார். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை: நாம் யாரோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்கிறோம்?

டேவிட் நியூமார்க், ஆண்ட்ரூ போஸ்ட்லவெய்ட் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு சுவையான விடை தருகிறது. ஒரு பெண்ணின் கணவரைவிட அவளுடைய சகோதரியின் கணவர் அதிகம் சம்பாதித்தால், அப்பெண் வேலைக்குச் செல்லும் வாய்ப்பு 16 முதல் 25 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது. சித்தூரில் ஓட்டுநர் சொன்ன சகலைக் கணக்கு அமெரிக்கப் புள்ளிவிவரங்களிலும் இருந்தது என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. நாம் கோடீசுவரர்களோடு நம்மை ஒப்பிடுவதில்லை. நமக்கு நிகராகத் தொடங்கியவர்களோடுதான் ஒப்பிடுகிறோம்.

ஒரு சிறு கணக்கு

அந்தஸ்தைச் சூத்திரத்தில் எப்படி எழுதுகிறார்கள்? பல வடிவங்கள் உள்ளன. மிக எளியது இது: ஒருவரின் மனநிறைவு என்பது அவருடைய செலவிலிருந்து ஊராரின் சராசரிச் செலவில் ஒரு பகுதியைக் கழித்தால் வருவது. அந்தப் பகுதி சுழியம் என்றால் அவருக்கு ஊரைப் பற்றிக் கவலையே இல்லை. அது முழுமை என்றால் அவருக்கு ஊரைத் தவிர வேறு கவலை இல்லை. நாம் நடுவில் நின்று, அதைப் பாதி என்று கொள்வோம்.

ஓர் ஊரில் எல்லாரும் திருமணத்துக்கு எட்டு லட்சம் செலவிடுகின்றனர். ஒவ்வொருவரின் மனநிறைவு எட்டில் நான்கைக் கழிக்க நான்கு.

இப்போது ஒருவர் மட்டும் பத்து லட்சம் செலவிடுகிறார். ஊர்ச் சராசரி அசையவில்லை. அவருடைய மனநிறைவு பத்தில் நான்கு போக ஆறு. இரண்டு லட்சம் கூடுதலாகச் செலவிட்டார்; இரண்டும் முழுமையாகக் கிடைத்தது. அவர் செய்தது சரியான முடிவாகவே தோன்றும்.

அவரைப் பார்த்து அனைவரும் பத்து லட்சத்துக்கு உயர்கின்றனர். சராசரியும் பத்தாகிறது. இப்போது ஒவ்வொருவரின் மனநிறைவு பத்தில் ஐந்து போக ஐந்துதான். இரண்டு லட்சத்தில் ஒன்று மட்டுமே மிஞ்சியது. மற்றொன்று ஒருவருக்கும் கிட்டாமல் கரைந்தது. கடன் வாங்கிச் செலவிட்டவருக்கோ வட்டி தனியாகத் தொடர்கிறது.

இக்கணக்கில் என்னைப் பெரிதும் பாதித்தது நான்காவது மனிதர். ஊர் பத்துக்கு உயர்ந்தபோதும் எட்டிலேயே நின்றவர் அவர். அவருடைய மனநிறைவு எட்டில் ஐந்து போக மூன்று. அவர் வீட்டில் எதுவும் மாறவில்லை. அதே பந்தல், அதே விருந்து. ஆயினும் முன்பு நான்காக இருந்தது இப்போது மூன்றாகிவிட்டது. அண்டை வீட்டார் எழுப்பிய விலையை அவர் செலுத்துகிறார். அவர் கடன் கேட்டு வங்கிக்கு வருவது பேராசையால் அன்று. தாம் நின்ற இடத்திலேயே நிற்பதற்காகத்தான்.

இதன் வேறொரு முகத்தை ஃபிரெட் ஹிர்ஷ் 1976இல் விளக்கினார். சில பொருள்களை எவ்வளவு வேண்டுமானாலும் உற்பத்தி செய்யலாம். அரிசியும் துணியும் அத்தகையவை. சிலவற்றை உற்பத்தி செய்ய இயலாது. வரிசையில் முன்னிடம் அத்தகையது. திருமலைக்குச் செல்வோர் இதனை நன்கறிவர். 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவு வரிசை விரைவாக நகர்வதற்குக் காரணம், எல்லாரும் அதில் இல்லாமையே. அனைவரும் அச்சீட்டையே பெற்றால் விரைவு வரிசை என்று ஒன்று இராது. அந்தஸ்தும் அப்படிப்பட்ட ஒரு வரிசைதான். ஒருவர் முன்னேறினால் வேறொருவர் பின்னே செல்கிறார். ஊரின் மொத்தச் செலவு கூடலாம். மொத்த அந்தஸ்து கூடாது.

அந்தச் செலவு முற்றிலும் வீணா?

இவ்வளவையும் கேட்டு, விருந்துக்குச் செலவிடுவோர் அனைவரும் ஏமாளிகள் என்று முடிவு செய்தால் அது பிழையாகும். வணிகவியல் பட்டப்படிப்பில் வெப்ளெனைப் பற்றி ஒரு பத்தி வரும். தோர்ஸ்டீன் வெப்ளென் 1899இல் எழுதிய நூலில், செல்வர்கள் பிறர் காணவேண்டும் என்பதற்காகவே செலவிடுவதை எள்ளலோடு விவரித்தார். விலை ஏறினால் தேவை குறையும் என்ற விதிக்கு விதிவிலக்காக அது பாடத்தில் இடம்பெறும். நானும் அப்படியே படித்துத் தேர்வெழுதினேன். ஆனால் நம் நாட்டுக் கிராமங்களில் நடந்த ஆய்வுகள் இன்னும் ஆழமான ஒன்றைக் கூறுகின்றன.

பிரான்சிஸ் பிளாக், விஜயேந்திர ராவ், சோனால்டே தேசாய் ஆகியோர் கர்நாடகத்தில் மண்பாண்டம் செய்யும் குடும்பங்களின் திருமணச் செலவுகளை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாப்பிள்ளை உள்ளூர்க்காரர் என்றால் அவர் குடும்பத்தின் தகுதி எல்லாருக்கும் தெரியும்; யாருக்கும் எதையும் அறிவிக்கத் தேவையில்லை. மாப்பிள்ளை வெளியூர்க்காரர் என்றால் ஊராருக்கு அவரைத் தெரியாது. நல்ல இடத்தில் சம்பந்தம் செய்திருக்கிறோம் என்பதை எப்படிச் சொல்வது? பந்தலும் விருந்தும்தான் அதைச் சொல்கின்றன. வெளியூர்ச் சம்பந்தங்களில் கொண்டாட்டம் பெரிதாக இருப்பதற்கு இதுவே அவர்கள் தந்த விளக்கம். விருந்து இங்கே ஓர் அறிவிப்பு. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேலைவாய்ப்புச் சந்தையைக் கொண்டு விளக்கிய கோட்பாடும் இதே வகையைச் சேர்ந்தது. எல்லாராலும் எளிதில் செய்ய இயலாத ஒன்றைச் செய்து காட்டும்போதுதான் பிறர் நம்புவர். எனவே செலவு மிகுதியாக இருப்பதுதான் அந்த அறிவிப்பை நம்பத்தக்கதாக்குகிறது.

திருவிழாச் செலவு குறித்து விஜயேந்திர ராவ் தனியே செய்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. திருவிழாக்களுக்கு அதிகம் செலவிட்ட குடும்பங்கள் ஊரில் உயர்ந்த மதிப்பைப் பெற்றன. பிறர் வீட்டு விருந்துகளுக்கு அதிகம் அழைக்கப்பட்டன. உணவுப் பொருள்களைக் குறைந்த விலைக்கும் பெற்றன. ஊரோடு ஒத்து நிற்பவருக்குக் கடைக்காரர் விலையைக் குறைக்கிறார். அவசர நேரத்தில் கைமாற்றும் அவருக்கே கிடைக்கும். இதை ஒருவகை முதலீடு என்றே கொள்ள வேண்டும்.

ஆடம் ஸ்மித் 1776லேயே இதன் அடிப்படையைத் தொட்டிருக்கிறார். அவர் காலத்து இங்கிலாந்தில் ஒரு கூலித் தொழிலாளிகூட லினன் சட்டையின்றி வெளியே வர வெட்கப்படுவான். ஆகவே அது ஆடம்பரமாகாது, அத்தியாவசியமே என்பது அவர் கருத்து. கூச்சமின்றி ஊர் நடுவே வந்து நிற்கும் ஆற்றல் மனிதருக்கு வேண்டிய அடிப்படை ஆற்றல்களுள் ஒன்று என்று அமர்த்தியா சென் இதனை விரித்துரைத்தார். ஓட்டுநர் தம் மனைவி அக்காளின் முகத்தில் விழிப்பதைப் பற்றிச் சொன்னது இதைத்தான். அதற்கு ஒரு விலை உண்டு என்பதை மறுக்க இயலாது. விலை எவ்வளவு என்பதே கேள்வி.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

அந்தஸ்து குறித்த அக்கறை எப்போதும் சேமிப்பைக் கரைக்கும் என்பதும் உண்மையன்று. ஹரால்ட் கோல், ஜார்ஜ் மெய்லாத், ஆண்ட்ரூ போஸ்ட்லவெய்ட் ஆகியோர் 1992இல் அமைத்த மாதிரியில், குடும்பத்தின் செல்வ வரிசையே அதன் பிள்ளைகளுக்கு அமையும் சம்பந்தத்தை நிர்ணயிக்கிறது. அப்படிப்பட்ட சமூகத்தில் மக்கள் தேவைக்கும் அதிகமாகச் சேமிப்பார்கள். சீனாவில் இதற்குச் சான்றும் கிடைத்தது. பெண்களின் எண்ணிக்கை குறைந்த பகுதிகளில் ஆண்பிள்ளைகளைப் பெற்ற குடும்பங்கள், மகனுக்கு நல்ல சம்பந்தம் அமைய வேண்டும் என்பதற்காகக் கூடுதலாகச் சேமித்தன என்று ஷாங்-ஜின் வெய், ஷியாபோ ஜாங் ஆகியோர் 2011இல் காட்டினர்.

ஒரே அக்கறை ஓரிடத்தில் சேமிப்புக்கும் மற்றோரிடத்தில் கடனுக்கும் இட்டுச்செல்வது ஏன்? ஊர் எதைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது அது. வீடும் நிலமும் மதிக்கப்படும் இடத்தில் மக்கள் சேமித்து அவற்றை வாங்குவர். ஒரு நாள் விருந்து மதிக்கப்படும் இடத்தில் விருந்து வைப்பர். ராபர்ட் ஃபிராங்க் இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தார். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு, வைப்புத் தொகை ஆகியவை அண்டை வீட்டாரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியும் பொருள்களோடு போட்டியிடும்போது இவைதாம் முதலில் வெட்டப்படுகின்றன.

கனடாவில் பரிசுச்சீட்டு வென்றவர்களின் அண்டை வீட்டாரைப் பற்றிய ஓர் ஆய்வு இதை உறுதி செய்கிறது. பரிசுத் தொகை பெரிதாக இருந்த இடங்களில் பக்கத்து வீட்டாரிடையே நொடிப்பு நிலையும் அதிகமாக இருந்தது. நொடித்தவர்களின் சொத்துப் பட்டியலில் வீடு, வாகனம் போன்ற வெளியே தெரியும் சொத்துகளே மிகுந்திருந்தன. ரொக்கமும் ஓய்வூதியமும் அவ்வாறு மிகுந்திருக்கவில்லை.

நம் பகுதிப் பெண்கள் நகையை விரும்புவதற்கு இங்கே ஒரு விளக்கம் கிடைக்கிறது. கழுத்தில் அணிந்தால் அந்தஸ்து. இடர் வந்தால் அடகு. கண்ணுக்குத் தெரியும் சேமிப்பு என்பது தங்கம் ஒன்றே. அதில் அந்தஸ்துக்காக நாம் தரும் விலை செய்கூலியும் சேதாரமும் ஆகும். அவை அடகு வைக்கும்போதும் விற்கும்போதும் திரும்பி வருவதில்லை.

ஐம்பது பேர்

2020ஆம் ஆண்டு ஒரு பெரும் சோதனை, யாரும் திட்டமிடாமலேயே நிகழ்ந்தது. கொரோனா முடக்கத்தின்போது திருமணங்களில் ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் கட்டுப்பாடு விதித்தது. அப்போது நான் திருப்பதிக்கு மாறுதலாகி வந்திருந்தேன். அந்த ஆண்டின் இறுதியில் அதே ஓட்டுநர் என்னைத் தேடி வந்தார். வைகாசியில் இளைய மகளின் திருமணத்தை வீட்டு வாசலிலேயே முடித்திருந்தார். ஒன்றரை லட்சம் செலவாயிற்றாம். திருமணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்ததில் மிஞ்சிய தொகையை மகள் பெயரில் வைப்பாகப் போட என்ன வழி என்று கேட்டார்.

"ஊரில் என்ன சொன்னார்கள்?" என்றேன்.

"யாரும் ஒன்றும் சொல்லவில்லை சார். சொல்ல என்ன இருக்கிறது? எல்லாருக்கும் ஐம்பதுதானே" என்றார்.

மூன்றாண்டுகளுக்கு முன் எண்ணூறு இலைக்கு ஒன்று குறைந்தாலும் தலைகுனிவு என்று எண்ணியவர், ஐம்பது இலையோடு தலைநிமிர்ந்து நின்றார். அவருடைய குணம் மாறவில்லை. ஊரின் சராசரி இறங்கிவிட்டது, அவ்வளவுதான். நம் சிறு கணக்கில் அனைவரும் பத்திலிருந்து எட்டுக்கு இறங்கினால் ஒவ்வொருவருக்கும் இழப்பு இரண்டல்ல, ஒன்றே. மிச்சமான இரண்டு லட்சமோ கையில் இருக்கும்.

அப்படியானால் கட்டுப்பாடு நீங்கிய பின்பும் ஐம்பது இலையே நிலைத்திருக்க வேண்டாமா? நிலைக்கவில்லை. மண்டபங்கள் மீண்டும் நிரம்பின. முதலில் ஒருவர் இருநூறு பேரை அழைத்தார். அவருக்கு முழுப் பலனும் கிடைத்தது. பிறர் தொடர்ந்தனர். எல்லாரும் சேர்ந்து இறங்கும்போது யாருக்கும் அவமானமில்லை. தனியாக இறங்குபவருக்கே அவமானம். ஒருவரின் மனவுறுதியால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது என்பதே இந்த மாதிரிகள் அனைத்தும் கூறும் பொதுவான செய்தி.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, ஒப்பந்தம். ஊரை மாற்ற நம்மால் இயலாது. நாம் ஒப்பிட்டுக்கொள்ளும் நாலைந்து குடும்பங்களோடு பேச இயலும். அந்த ஓட்டுநர் அதைச் செய்தார். சகலையின் மகனுக்கு 2023இல் திருமணம் நிச்சயமானபோது இருவரும் அமர்ந்து பேசி, இனி இரு வீட்டிலும் முந்நூறு இலைக்கு மேல் இல்லை என்று முடிவு செய்தனர். பேச்சைத் தொடங்கியவர்கள் அக்காளும் தங்கையும்தான் என்று அவர் சொன்னார்.

இரண்டாவது, மதிப்பை வேறிடத்தில் பெறுதல். திருமலையில் தேவஸ்தானத்தின் கல்யாண வேதிகையில் திருமணம் செய்வோருக்குப் புரோகிதருக்கும் மங்கல இசைக்கும் கட்டணம் இல்லை. ஏழுமலையான் சந்நிதியில் மணமுடித்தோம் என்று சொல்லும் குடும்பத்திடம் எத்தனை இலை என்று யாரும் கேட்பதில்லை. தலமே மதிப்பைத் தந்துவிடுகிறது.

மூன்றாவது, தொகையை முன்கூட்டியே நிர்ணயித்தல். அடுத்த வீட்டுத் திருமணத்தைப் பார்த்த பின் அன்று. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குச் சுகன்யா சம்ருத்தி கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை செலுத்தலாம். பதினெட்டு வயதுக்குப் பின் உயர்கல்விக்கு ஒரு பகுதியை எடுக்கலாம். திருமணத்தின்போது கணக்கை முடித்துக்கொள்ளவும் வழியுண்டு. தொடர் வைப்பும் எளிய வழியே. ஐந்து லட்சம் கடனுக்கு மாதம் 11,122 ரூபாய் செலுத்த வேண்டும் என்று பார்த்தோம். அதே ஐந்து லட்சத்தை ஐந்தாண்டில் சேர்க்க, வட்டியைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும், மாதம் 8,334 ரூபாய் போதும். வட்டியைச் சேர்த்தால் இன்னும் குறையும்.

நான்காவது, கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், தொகையை இரண்டாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம், ஊரில் யாருமே பார்க்காவிட்டாலும் நீங்கள் செய்யக்கூடிய செலவு. மறுபக்கம், பிறர் பார்ப்பதற்காக மட்டும் செய்யும் செலவு. இரண்டாம் பக்கத்தை முழுவதும் அடித்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உறவும் மதிப்பும் அங்கேயும் உள்ளன. அதற்கு மட்டும் மாதத் தவணை எவ்வளவு, அது எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். கிளையில் எந்த அலுவலரும் இரண்டு நிமிடத்தில் கணக்கிட்டுத் தருவார். வரதட்சணைக்கு இப்பட்டியலில் இடமே இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்.

ஓட்டுநரின் மூத்த மகள் திருமணக் கடனின் கடைசித் தவணை 2022இல் கழிந்தது. அவர் ஓய்வு பெற்றதும் அதே ஆண்டில்தான். எண்ணூறு இலை விருந்து நன்றாகத்தான் இருந்தது என்று அவர் இன்றும் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார். இளைய மகள் பெயரில் உள்ள வைப்புச் சீட்டைப் பற்றி உறவினர் யாருக்கும் தெரியாது. அதை மட்டும் அவர் ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பித்து வருகிறார்.